தலைகீழ்ச் சூல் மாதிரி: உடற்பகுதி சரி, கருப்பையில்தான் தகராறு

கோயம்புத்தூர் டவுன்ஹாலை ஒட்டிய வீதிகளில் ஆய்வகச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில், பூக்கும் தாவரத்தின் சூலை, அதாவது பூவின் சூற்பைக்குள் இருந்து பின்னர் விதையாகும் பகுதியைக் காட்டும் முப்பரிமாண மாதிரி ஒன்றை எங்கள் மேல்நிலைப் பள்ளியின் தாவரவியல் ஆய்வகத்துக்காக வாங்கினோம். ஒன்றரை அடி உயரம், மரப் பீடம், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து திறக்கும் உடல், உள்ளே கழற்றி மாட்டக்கூடிய கருப்பை, அதாவது சூலுக்குள் முட்டை செல்லைக் கொண்ட பை. விலை 2,800 ரூபாய். இந்தக் கல்வியாண்டு முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பில் அதை வைத்துப் பாடம் நடத்தியபின் எழுதும் மதிப்புரை இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சூலின் உடற்பகுதியைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பொருள் இந்த விலையில் கிடைப்பது அரிது, கருப்பையைக் காட்டுவதற்கு இதை நம்பினால் மாணவர்களுக்குத் தவறான பாடம் போய்ச் சேரும்.

கடையில் இரண்டு வகை இருந்தன. "ஏனுங்க சார், போர்டுல ஒட்டுன மாதிரி வேணுங்களா, கழட்டி மாட்டற மாதிரி வேணுங்களா? ஸ்கூலுக்கெல்லாம் போர்டுதானுங்க நெறையப் போகுது" என்றார் கடைக்காரர். பலகையில் புடைப்பாகச் செய்து ஒட்டிய மாதிரி மூன்றில் ஒரு பங்கு விலைதான். ஆனால் அது பாடப்புத்தகப் படத்தைச் சற்றுத் தடிமனாக்கியதற்கு மேல் எதுவும் இல்லை. புத்தகத்தில் இருப்பது நீள்வெட்டுத் தோற்றம். அதையே திரும்பத் திரும்பப் பார்க்கும் மாணவன் சூல் என்பது தட்டையான ஒன்று என்றும், சூலுறைகள் இரண்டு பக்கமும் நிற்கும் இரண்டு சுவர்கள் என்றும், சூல்துளை அந்தச் சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி என்றும் மனதில் பதித்துக்கொள்கிறான். சூலுறை, உள்ளே இருக்கும் சூல்திசுவைச் சுற்றிலும் இடைவெளியின்றி மூடிய போர்வை, சூல்துளை அதன் நுனியில் எஞ்சியிருக்கும் சிறு வாய் என்பதைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்க்கும்போதுதான் அவன் உணர்கிறான். ஆகவே கூடுதல் விலை கொடுத்துக் கழற்றி மாட்டும் வகையையே எடுத்தோம். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

மாதிரியை முதன்முதலாக மேசைமேல் வைத்தபோது முன்வரிசை மாணவி ஒருத்தி, "சார், இது தலைகீழா மாட்டியிருக்குதுங்க சார், திருப்பி வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். சூல்துளை கீழே பீடத்தை நோக்கியும், அதற்கு எதிர்முனையான சலாசா மேலேயும் இருந்ததே அவளுடைய ஐயத்துக்குக் காரணம். இந்த மாதிரியின் மிகப்பெரிய நன்மை அந்தக் கேள்வியை எழுப்பியதுதான் என்பேன். பூக்கும் தாவரங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் சூல், தலைகீழ்ச் சூல். சூற்பைக்குள் சூல் ஒட்டியிருக்கும் சூல்ஒட்டுத் திசுவிலிருந்து நேராக எழும்பும் சிறு மேடாகத் தொடங்கி, சூலுறைகள் வளர வளர ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏறத்தாழ 180 பாகை திரும்பி, சூல்துளை சூல்காம்பின் அடிக்கு அருகிலேயே வந்து நிற்கும் நிலையை அது அடைகிறது. திரும்பும்போது காம்பின் ஒரு பகுதி சூலின் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டிய பகுதிக்கு ராஃபி என்று பெயர். காம்பு உடலோடு சேரும் இடம் ஹைலம் எனப்படும் தழும்பு. கரும்பலகையில் வரைந்து காட்டும்போது ராஃபி என்பது ஒரு கோடாகவே நின்றுவிடும். இந்த மாதிரியிலோ காம்பு தனி நிறத்தில், கனமாக, உடலின் ஒரு பக்கத்தோடு இழைந்து மேலேறி சலாசாவில் போய் முடிவதை விரலால் தடவிப் பார்க்கலாம். காம்பின் உள்ளே சிவப்பு வண்ணத்தில், நீரும் உணவும் கடத்தும் வாஸ்குலக் கற்றையும் வரைந்திருக்கிறார்கள். அது சூல்ஒட்டுத் திசுவிலிருந்து புறப்பட்டுக் காம்பு வழியாக ராஃபியில் ஓடி, சலாசாவில் நிற்கிறது. பெரும்பாலான சூல்களில் உள்ளபடியே செய்திருக்கிறார்கள். சலாசாவுக்கு அப்பால் சூல்திசுவுக்குள் குழாய் எதையும் நீட்டாமல் விட்டது, செய்தவர்கள் தாவரவியல் தெரிந்த ஒருவரைக் கலந்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

இந்தப் பகுதியை நடத்தும்போது ஆமணக்கு விதைகளை, இங்கே கொட்டமுத்து என்று சொல்கிறோமே அவற்றை, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவது நல்லது. விதையின் தட்டையான பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுதான் ராஃபி. ஒரு முனையில் பஞ்சு உருண்டை போல ஒட்டியிருக்கும் வெண்ணிறக் கரங்கிள், வெளிச்சூலுறையின் நுனியில், சூல்துளையை ஒட்டி உருவானது. தழும்பும் அதன் அருகிலேயே இருக்கிறது. காம்பும் துளையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எப்படி என்று மாதிரியில் விளங்காத மாணவனுக்கும் விதையில் விளங்கிவிடும். அதன்பின் மாதிரியைத் திரும்பப் பார்த்தால் ஒவ்வொரு பகுதியும் தன் இடத்தில் போய் உட்காரும்.

சூலுறைகள் இரண்டும் வெவ்வேறு நிறத்தில், வெளியுறை பச்சையாகவும் உள்ளுறை மஞ்சளாகவும் உள்ளன. இரண்டும் நுனியில் ஒரே மட்டத்தில் முடிந்து ஒரே நேரான துளையாக அமைகின்றன. சில தாவரங்களில் வெளியுறையின் வாயும் உள்ளுறையின் வாயும் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல், மகரந்தக் குழாய் வளைந்து நுழையவேண்டிய வழியாக இருக்கும். இன்னும் சிலவற்றில் உள்ளுறை மட்டுமே துளையை உருவாக்கும். ஒரு மாதிரி எல்லாவற்றையும் காட்ட முடியாது என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சூரியகாந்திக் குடும்பத்தில் சூலுறை ஒன்றே ஒன்று, சூல்திசுவும் மிக மெல்லியது என்பதை ஆசிரியர் வாய்மொழியாகச் சேர்த்துக்கொண்டால் போதும். மாதிரியில் உள்ளதோ இரட்டைச் சூலுறையும் தடித்த சூல்திசுவும் கொண்ட வகை.

அந்த வகைக்கு நம் ஊரில் பருத்தியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. பருத்தியின் சூல் தலைகீழ்ச் சூல், இரட்டைச் சூலுறை, தடித்த சூல்திசு. திருப்பூரில் பனியனாகவும் கோவை மில்களில் நூலாகவும் ஓடுகிற அத்தனை இழையும், சூலின் வெளியுறைப் புறத்தோலின் செல்கள்தாம். ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல், பக்கவாட்டுச் சுவர் எதுவும் இல்லாமல் நீண்டு வளர்ந்தது. பூ மலரும் நாளையொட்டிச் சூலின் மேற்பரப்பில் ஏறத்தாழ கால்வாசிச் செல்கள் புடைக்கத் தொடங்குகின்றன. பிறகு சில வாரங்களில் ஒரு செல் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரை நீள்கிறது. 1974இல் கோவையில் உருவாக்கி வெளியிடப்பட்ட சுவின் போன்ற மிகநீள இழை ரகங்களில் அந்த நீளம் இன்னும் கூடுதல். மில்லில் பெற்றோர் வேலை செய்யும் மாணவர்கள் பாதிப் பேர் உள்ள வகுப்பில் இதைச் சொன்னால், மாதிரியின் பச்சை நிற வெளியுறையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. முதல் நாள் வெளிர்மஞ்சளாக மலர்ந்து மறுநாள் இளஞ்சிவப்பாக மாறிய பூவின் சூற்பையை பிளேடால் குறுக்காக வெட்டி, கைலென்சின் கீழ் வைத்தால், அறைக்குள் வரிசையாக ஒட்டியிருக்கும் வெண்மணிகள் தெரியும். பூ உதிர்ந்து சில நாள் சென்ற பிஞ்சில் அதே மணிகளைத் தண்ணீர்ச் சொட்டில் இட்டால் பட்டுப் போன்ற இழைகள் நீரில் விரிந்து மிதக்கும். அப்போது அது சூல் என்ற நிலையைக் கடந்து விதையாகத் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மாதிரியோடு வந்த குறிப்பு அட்டையில் இப்படி ஒரு பயிரின் பெயரையாவது சேர்த்திருக்கலாம். எந்தத் தாவரத்தின் சூல் என்றே அதில் இல்லை.

இனி கருப்பைக்கு வரலாம். இங்கேதான் எங்கள் புகார் முழுவதும் இருக்கிறது. நீலநிறக் குழி ஒன்றுக்குள் எட்டு உருண்டைகள், கோலிக்குண்டுகளைப் போல ஒரே அளவில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒட்டப்பட்டிருக்கின்றன: சூல்துளைப் பக்கம் மூன்று, நடுவில் இரண்டு, சலாசாப் பக்கம் மூன்று. முதிர்ந்த கருப்பையில் உட்கருக்கள் எட்டு, செல்கள் ஏழு என்பது பாடத்தின் மையமான செய்தி. நடுவில் உள்ள இரண்டும் துருவ உட்கருக்கள், தனித்தனிச் செல்கள் அல்ல. அவை மைய செல் என்னும் ஒரே பெரிய செல்லுக்குள் உள்ளவை, பெரும்பாலும் பின்னர் இணைந்து இரண்டாம்நிலை உட்கருவாகிவிடுபவை. மாதிரியில் மைய செல்லுக்குச் சுவரும் இல்லை, நிறமும் இல்லை. ஆகவே உருண்டைகளை எண்ணும் மாணவன் எட்டுச் செல்கள் என்றே எழுதுகிறான். எங்கள் வகுப்பில் இந்த மாதிரியைப் பார்த்தபிறகு நடந்த தேர்வில் அப்படி எழுதியவர்கள், அதைப் பார்க்காத முந்தைய வகுப்பைவிட அதிகம்.

இதன் விளைவு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்த இரட்டைக் கருவுறுதலில், மகரந்தக் குழாய் கொண்டுவரும் ஆண் கேமீட்கள் (இனச்செல்கள்) இரண்டில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று மைய செல்லில் உள்ள துருவ உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் திசுவாகிறது. பொள்ளாச்சித் தோப்பில் நாம் வெட்டிக் குடிக்கும் இளநீரும், முற்றியபின் துருவி எடுக்கும் பருப்பும் அந்தக் கருவூண் திசுதான். இளநீரில் உட்கருக்கள் செல்சுவர் இல்லாமல் நீரில் மிதக்கின்றன, பருப்பில் சுவர் எழுப்பிச் செல்களாகிவிட்டன. இவ்வளவு பெரிய பொருள் எங்கிருந்து வந்தது என்று விரல்வைத்துக் காட்டவேண்டிய இடத்தில், இந்த மாதிரியில் வெறும் நீலக்குழிதான் இருக்கிறது.

சூல்துளைப் பக்கத்து மூன்று செல்களின் தொகுதியான அண்ட சாதனத்தில் உள்ள பிழை இதைவிட நுட்பமானது. மூன்று உருண்டைகளும் ஒரே கோட்டில், நடுவில் முட்டை, இருபுறமும் சினர்ஜிட்கள் எனப்படும் துணைச் செல்கள் என்று நிற்கின்றன. உண்மையில் அவை முக்கோணமாக நெருங்கி அமைந்த மூன்று செல்கள். ஒன்றுக்கொன்று எதிர்மாறான உள்ளமைப்பு உடையவை. முட்டையில் பெரிய நுண்குமிழ் (செல்லுக்குள் உள்ள நீர்ப்பை) சூல்துளைப் பக்கமும் உட்கரு சலாசாப் பக்கமும் இருக்கும். சினர்ஜிட்களில் உட்கரு சூல்துளைப் பக்கமும் நுண்குமிழ் சலாசாப் பக்கமும் இருக்கும். சினர்ஜிட்களின் சூல்துளை முனையில் செல்சுவர் உள்நோக்கி விரல்விரலாக மடிந்து நூலிழை சாதனமாக அமைகிறது. அது மாதிரியில் அறவே இல்லை. மகரந்தக் குழாய் சினர்ஜிட்களுள் ஒன்றுக்குள் நூலிழை சாதனத்தின் வழியாகத்தான் நுழைகிறது; குழாயைத் தேடி வரச்செய்யும் ஈர்ப்புப் பொருளைச் சுரப்பவையும் சினர்ஜிட்களே. டொரேனியா என்னும் தோட்டச்செடியின் கருப்பை சூல்துளைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இயல்புடையது. அந்த வசதியைப் பயன்படுத்தி ஜப்பானிய ஆய்வாளர்கள் லேசர் கற்றையால் ஒவ்வொரு செல்லாக அழித்துப் பார்த்து, சினர்ஜிட்கள் இரண்டும் இல்லாமற்போனால் குழாய் ஈர்க்கப்படுவதே இல்லை என்று 2001இல் காட்டினார்கள். பாடத்தின் இத்தனை உயிரான பகுதி இரண்டு மழுங்கிய உருண்டைகளாகச் சுருங்கிக் கிடப்பது வருத்தமாக இருக்கிறது. பிளாஸ்டிக்கில் நான்கு வரி கீறியிருந்தாலே போதுமானது.

இன்னொரு குறை செய்நேர்த்தியைச் சார்ந்தது. கருப்பைத் துண்டைச் சூல்திசுக் குழியில் பொருத்தும் இரண்டு ஆணிகளும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஆகவே துண்டைத் தலைமாற்றிப் பொருத்தினாலும் சிக்கென்று உட்கார்ந்துகொள்கிறது. சலாசாப் பக்கம் இருக்கவேண்டிய மூன்று எதிரடிச் செல்கள் சூல்துளையிலும் முட்டை சலாசாவிலும் போய் நிற்கின்றன. மூன்றும் மூன்றும் ஒரே உருவில் இருப்பதால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. சூல்துளைப் பக்க ஆணியின் அருகிலும் அதற்கு நேரான குழியின் ஓரத்திலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துச் சமாளித்திருக்கிறோம். துருவ உட்கருக்களைச் சுற்றி மைய செல்லின் எல்லையை நிரந்தர மார்க்கரால் வரைந்தும் விட்டோம்; பார்வைக்கு நன்றாக இல்லை, ஆனால் எண்ணிக்கைச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது.

மாதிரியோடு சேர்த்து அதே கடையில் நிரந்தரக் கண்ணாடி வில்லைப் பெட்டி ஒன்றையும் எடுத்தோம். அதில் லில்லிப் பூவின் சூற்பைக் குறுக்குவெட்டு நான்கு வில்லைகளாக இருக்கிறது. சாயமேற்றம் தெளிவு, சூலுறைகளும் சூல்திசுவும் அழகாகத் தெரிகின்றன. ஆனால் பெட்டியின் மூடியில் ஒட்டிய தாளில் அதைப் பாலிகோனம் வகைக் கருப்பை என்று அச்சிட்டிருக்கிறார்கள். பாலிகோனம் வகையில், சூல்திசுவுக்குள் உருவாகும் பெண் வித்துகளான நான்கு பெருவித்துகளில் மூன்று அழிந்து, சலாசாப் பக்கத்தில் உள்ள ஒன்று மட்டும் மூன்று முறை பகுபட்டுக் கருப்பையாகும். ஸ்ட்ராஸ்பர்கர் 1879இல் விவரித்த இந்த வகைதான் பூக்கும் தாவரங்களில் பெரும்பான்மை, பாடப்புத்தகமும் இதையே சொல்கிறது. லில்லியில் நான்கு பெருவித்து உட்கருக்களும் பங்கேற்கின்றன. மூன்று உட்கருக்கள் சலாசாப் பக்கம் ஒன்றுசேர்ந்து மும்மயமாகி (மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்டதாகி), இறுதியில் எதிரடிச் செல்களும் ஒரு துருவ உட்கருவும் மும்மயமாகவே அமைகின்றன. அதற்கு ஃபிரிட்டிலேரியா வகை என்று பெயர். முதிர்ந்த நிலையில் எண்ணிக்கை எட்டாகவே வருவதால் வேறுபாடு கண்ணுக்கு உடனே படாது. ஆனால் இடைநிலை வில்லைகளைப் பார்க்கும் கூர்மையான மாணவன், உட்கருக்களில் சில பெரிதாகவும் சில சிறிதாகவும் இருப்பது ஏன் என்று கேட்பான். பெரிய சூல், பெரிய உட்கரு, வெட்டுவதற்கு எளிது என்பதால் ஆய்வகச் சாமான் உலகம் முழுவதும் லில்லியைத்தான் விற்கிறது, அதில் தவறில்லை. மேலே ஒட்டிய தாள்தான் தவறு. கடைக்காரரிடம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்றனுங்க" என்றார். அடுத்த பெட்டியிலும் அதே தாள்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பகுதிகளின்மேல் எண்கள் மட்டுமே உள்ளன. பெயர்கள் தனி அட்டையில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருப்பதால், தமிழ்வழி வகுப்புக்கு நாமே ஓர் அட்டை எழுதிக்கொள்ள வேண்டும். வண்ணம் ஓராண்டாகியும் உரியவில்லை. பார்சலில் வந்தபோது காம்பும் பீடமும் சேரும் இடத்தில் விரிசல் இருந்தது. கடையில் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் கோவைக்குக் கொண்டுபோன ஆட்டோ வாடகை நம் கணக்கில்தான். மாதிரி எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டது என்ற குறிப்பு எங்குமே இல்லை. கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் ஒன்றை ஒன்றரை அடியாகக் காட்டும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

நேர்ச்சூல், வளைந்த சூல் முதலிய மற்ற வகைகளுக்கு இந்த மாதிரி உதவாது. அதற்குச் சுவரொட்டி போதும். ஆனால் காங்கயம், தாராபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒன்று சொல்லலாம்: வேலியோரம் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியின் பூவடியைக் கையுறை போட்டுக்கொண்டு பிளந்தால், சூல்காம்பு சூலை முழுச்சுற்றாகச் சுற்றி வளைத்திருக்கும் சர்சினோட்ரோபஸ் வகையைக் கைலென்சிலேயே பார்த்துவிடலாம். பழத்துக்குள் பல்லில் கடிபடும் விதையின் கடினமான மேலோடும் அந்தக் காம்பு சூழ்ந்து உருவானதுதான். சந்தையில் எந்த மாதிரியும் இதைக் காட்டுவதில்லை. சூல்ஒட்டு முறைகளுக்கும் இதே நிலைதான். இளம் அவரைக்காயை மேல்விளிம்போடு நகத்தால் பிளந்து, சூல்கள் ஒரே விளிம்பில் காம்போடு தொங்குவதைக் காட்டுவதற்கும், வெண்டைப் பிஞ்சைக் குறுக்கே வெட்டி ஐந்து அறைகளைக் காட்டுவதற்கும் உழவர் சந்தையில் பத்து ரூபாய் செலவழித்தால் போதும்.

ஆய்வக நிதி உள்ள மேல்நிலைப் பள்ளிகளும் கலைக்கல்லூரிகளின் முதலாண்டு வகுப்புகளும் முப்பரிமாண மாதிரியைத் தாராளமாக வாங்கலாம். கருப்பைத் துண்டை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பகுதியைப் பெரிய வரைபடத்தில் நடத்துவது நல்லது. நீட் பயிற்சி மையங்களுக்குப் பலகை மாதிரியே தாராளம். அங்கே நேரமும் இல்லை, சுழற்றிப் பார்க்க மேசையும் இல்லை. வில்லைப் பெட்டியை லில்லி என்று தெரிந்தே வாங்குபவர்கள் வாங்கலாம், மூடியில் உள்ள தாளைக் கிழித்துவிட்டு. விலையில் பேரம் பேசினால் இருநூறு, முந்நூறு குறைக்கிறார்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தணிக்கையில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.